மோட்டார் நட்டு கழலவில்லை, புது ராட்செட் வழுக்குகிறது: அவசர உதவி தேவை

அடையாறு_மாடி | சனி, காலை 7:12
வணக்கம். தண்ணீர் மோட்டாரில் காயில் (உள்ளே சுற்றிய கம்பி) போய்விட்டது. கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. போன மாதம் ஒரு கடையில் வாங்கிய சாக்கெட் செட்டைப் போட்டுத் திருப்பினால் ராட்செட் (சாக்கெட்டைத் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) டக் டக் என்று இரண்டு பக்கமும் வழுக்குகிறது. அப்பா இதே கடையின் சொந்தப் பெயரில் வரும் செட்டைத்தான் பத்து வருடம் வைத்திருந்தார். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. மேல் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மதியம் வரைக்கும்தான் வரும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

போரூர்_பைக் | 7:20
சார், என்ன மோட்டார்? நட்டு என்ன அளவு? செட்டின் டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனை, கால் இன்ச்சா, அரை இன்ச்சா? இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது?

கிண்டி_லேத் | 7:26
நட்டு துருப்பிடித்திருக்கிறதா? வழுக்குவது ராட்செட்டின் உள்ளேயா, இல்லை சாக்கெட் நட்டின் மேல் வழுக்குகிறதா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

கொளத்தூர்_சிவா | 7:31
எல்லாம் சீன இரும்பு. தூக்கிப் போட்டுவிட்டுத் தப்பாரியா கம்பெனி டூல் வாங்குங்கள். அவ்வளவுதான்.

பழைய_ஃபிட்டர் | 7:44
38 வருடம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். துருப்பிடித்த நட்டில் யாரும் முதலில் ராட்செட் போட மாட்டார்கள். ரிங் ஸ்பானர் போட்டு, நட்டு இளகிய பிறகுதான் ராட்செட். ராட்செட் வேகத்துக்கு, பலத்துக்கு இல்லை. இதை இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அடிப்படை தெரியாமல் டூல் மேல் பழி போடக் கூடாது.

அடையாறு_மாடி | 7:58
நான் சார் இல்லை, பரவாயில்லை. ஒரு எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது). மாடியில் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் போல்ட் போட்டிருக்கிறது. கடற்கரைக்குப் பக்கம், நட்டு எல்லாம் செக்கச் சிவந்து கிடக்கிறது. 13 சாக்கெட் சரியாக உட்காருகிறது. வழுக்குவது ராட்செட்டின் உள்ளே. 46 பீஸ் செட், சின்னப் பெட்டி.

கிண்டி_லேத் | 8:05
46 பீஸ் என்றால் பெரும்பாலும் கால் இன்ச் டிரைவ்தான். அப்பாவிடம் இருந்ததும் இதே சின்னப் பெட்டியா?

அடையாறு_மாடி | 8:09
இல்லை, அது பெரியது. கைப்பிடியே ஒரு அடிக்குக் கிட்ட இருக்கும். அதை அண்ணன் மதுரைக்கு எடுத்துப் போய்விட்டார். பெயர் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

கிண்டி_லேத் | 8:27
இங்கேதான் சிக்கல் சகோதரி. அப்பாவுடையது அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. சதுர முனை. உங்களுடையது 6.35 மி.மீ. பாதி தடிமன். அது கடிகாரம், ஃபேன், பைக் சைடு கவர் மாதிரி வேலைக்கு. உப்புக் காற்றில் இறுகிய எம்8 (8 மி.மீ. போல்ட்) நட்டுக்கு அது தாங்காது. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே கதைதான். ஆகவே இந்த இரண்டையும் வைத்துத் தரம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆனால் இரண்டு பக்கமும் வழுக்குவது பலக்குறைவு இல்லை, உள்ளே பூட்டு நாக்கு பல்லில் உட்காரவில்லை என்று அர்த்தம். மலிவு ராட்செட்டில் கெட்டி கிரீஸை அப்பி மூடி அனுப்புவார்கள். அந்தக் கிரீஸ் நாக்கை ஒட்ட வைத்துவிடும், உள்ளே இருக்கும் துக்கடா ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. அதிலும் 72 பல் ராட்செட் என்றால் 5 டிகிரிக்கு ஒரு பல். பல் அவ்வளவு பொடியாக இருக்கும்போது நுனி மட்டும் தொட்டால் நழுவத்தான் செய்யும். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவோ ஒரு சர்க்லிப்போ (வளையக் கிளிப்) இருக்கும். திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மூடுங்கள். ஸ்பிரிங் தெறித்து ஓடும், ஒரு தட்டின் மேல் வைத்துத் திறங்கள். திசை மாற்றும் நெம்பு முழுசாக ஒரு பக்கம் போய் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இது அப்புறம் செய்யலாம். இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் 13 ரிங் ஸ்பானர் கேட்டு வாங்குங்கள்.

போரூர்_பைக் | 8:33
முதலில் எம்.சி.பி.யை (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிடுங்கள். ஒயர் எங்கே எது என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கெப்பாசிட்டர் முனைகளில் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கலாம்.

கொளத்தூர்_சிவா | 8:35
கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டினால் நிமிடத்தில் கழலும்.

பழைய_ஃபிட்டர் | 8:41
பி.வி.சி. பைப்பும் ஒயரும் ஒரு சாண் தள்ளி இருக்கும் இடத்தில் டார்ச்சா? யாரும் செய்யாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் விடுங்கள். நட்டின் ஒரு பக்கம் கனமான இரும்பை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு முதலில் இறுக்குகிற திசையில் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற திசையில். துரு உடைந்த சத்தம் கேட்கும். அடியில் போல்ட் தலை கூடவே சுற்றாமல் இன்னொரு ஸ்பானரால் பிடிக்க வேண்டும். முனை மழுங்கிவிட்டால் அரை இன்ச் அளவு சாக்கெட்டை, அதாவது 12.7 மி.மீ. வாய் உள்ளதை, சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 13 நட்டைக் கவ்விக்கொள்ளும்.

பெருங்குடி_பல்லவன் | 9:02
லேத் அண்ணா சொன்னது சரி, ஆனால் தரம் குறையவில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கடையின் சொந்தப் பெயர் கட்டிங் பிளேயர் 2016இல் ஒன்று, போன வருடம் ஒன்று வாங்கினேன். இரண்டும் 8 இன்ச், பெயர், நிறம் எல்லாம் ஒன்றே. சமையலறைத் தராசில் வைத்தேன். புதியது 50 கிராம் குறைவு. வெட்டும் முனையில் அரத்தை வைத்து இழுத்தேன். பழையதில் அரம் வழுக்கிப் போனது, புதியதில் தீற்றல் விழுந்தது. பைண்டிங் கம்பி நாலு வெட்டியதற்கே முனையில் பள்ளம். மேலே குரோம் வனேடியம் என்று அச்சு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். எஃகில் வனேடியம் இருந்து என்ன, காய்ச்சித் தோய்ப்பது சரியில்லை என்றால்?

கிண்டி_லேத் | 9:15
பெட்டி இரண்டும் இருக்கிறதா? யார் தயாரித்தது, யார் இறக்குமதி செய்தது என்று போட்டிருக்கும். 2011 பொட்டல விதிகளின்படி போட்டாக வேண்டும்.

பெருங்குடி_பல்லவன் | 9:24
இருக்கிறது. பழையது ஜலந்தரில் செய்தது. புதியதில் இறக்குமதியாளர் பெயர், நாடு சீனா.

கொளத்தூர்_சிவா | 9:26
நான் 7:31க்கே சொன்னேன்.

கிண்டி_லேத் | 9:40
நாடு இல்லை சிவா. ஜலந்தரில் உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற ஆலைகளும் உண்டு, அதே தெருவில் வார்ப்பு இரும்புக்கு முலாம் பூசி விற்பவரும் உண்டு. சீனாவிலும் அப்படித்தான். கடை என்ன விலைக்குக் கேட்கிறதோ அந்த விலைக்கான சாமான் வரும். கடைக்குச் சொந்தமாக இருப்பது பெயர் மட்டும்தான். ஆர்டர் போன வருடம் ஒருவருக்கு, இந்த வருடம் இன்னொருவருக்கு. பெட்டியின் நிறம் மாறாததால் நமக்குத் தெரிவதில்லை. அதனால் ஒருவர் பத்து வருடம் முன்னால் வாங்கி நன்றாக இருந்தது என்று சொல்வதை வைத்து இன்று வாங்கவே முடியாது. என் மனசுக்கு இதுதான் பெரிய வருத்தம். அப்பா சொன்ன பெயரை நம்பிப் பிள்ளை வாங்குகிறது, உள்ளே வேறு சாமான்.

டல்லாஸ்_ரிட்டர்ன் | 10:11
இது அமெரிக்காவிலும் நடந்தது. சியர்ஸ் என்ற கடை 1927இல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற டூல் பெயரைப் பதிவு செய்தது. தானே செய்யவில்லை, வெவ்வேறு கம்பெனிகளிடம் செய்து வாங்கியது. ஆனால் ஒடிந்த ஸ்பானரைக் கொண்டுபோனால் பில்கூடக் கேட்காமல் புதிது தருவார்கள். அந்த வாக்குறுதிக்குப் பயந்தே நல்ல சாமானாக வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். பிறகு நிறைய டூல் சீனாவுக்குப் போனது. 2017இல் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. மறு வருடம் அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஸ்டான்லி ஸ்பானரும் சாக்கெட்டும் செய்யக் கட்டிய ஆலையை 2023இல் மூடுவதாக அறிவித்தார்கள்.

பழைய_ஃபிட்டர் | 10:20
அமெரிக்கக் கதை எதற்கு? 1969இல் ஸ்வீடன் தொழில்நுட்பத்தோடு தப்பாரியா தொடங்கியதிலிருந்து நம் ஊர் ஃபிட்டர் கையில் அதுதான். கடைப் பெயர் டூல் வாங்குவதே தப்பு.

பெருங்குடி_பல்லவன் | 10:29
எல்லாமே தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? என்னிடம் கடைப் பெயர் சுத்தியல், டேப், சி கிளாம்ப், டூல் பெட்டி எல்லாம் வருடக்கணக்காக உழைக்கின்றன. வீட்டில் வருடத்துக்கு நாலு தடவை எடுப்பவருக்கு அது போதும். பல், முனை, வெட்டு இருக்கிற சாமானில்தான் மலிவு வேலை காட்டும்: ராட்செட், திருப்புளி, பிளேயர். அவற்றை மட்டும் பிராட்வே போய், லிங்கி செட்டித் தெருவில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

பழைய_ஃபிட்டர் | 10:37
பழகும்போதே மட்டமான டூலில் பழகினால் கை கெட்டுவிடும். நட்டு முனை மழுங்குவதற்கு 12 முனை (உள்வாயில் 12 மூலை) சாக்கெட்டும் காரணம். 6 முனைதான் நட்டின் தட்டைப் பக்கத்தில் அழுத்தும்.

டல்லாஸ்_ரிட்டர்ன் | 10:41
இடுக்கான இடத்தில் 12 முனைதான் உதவும். 30 டிகிரிக்கு ஒரு தடவை மாட்டலாம். ரிங் ஸ்பானர் போடச் சொன்னீர்களே, அதில் பெரும்பாலும் 12 முனைதானே?

பழைய_ஃபிட்டர் | 10:48
நல்ல ரிங் ஸ்பானரும் மலிவு சாக்கெட்டும் ஒன்றா? அளவு எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா?

போரூர்_பைக் | 10:55
பிளேயர் பேச்சு வந்ததால் ஒன்று. கைப்பிடியில் இருக்கும் ரப்பர் உறை பிடிமானத்துக்கு மட்டும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் இருந்தால்தான் சோதித்த இன்சுலேஷன். உறையை நம்பி மெயினில் கை வைத்து என் நண்பர் தூக்கி எறியப்பட்டார்.

அடையாறு_மாடி | பிற்பகல் 1:35
கீழ்வீட்டு மாமாவிடம் ரிங் ஸ்பானர் இருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, முதலில் இறுக்கி, பிறகு கழற்றியதில் மூன்று வந்துவிட்டது. நான்காவது ஆக்சா பிளேடால் அறுத்தாயிற்று. மோட்டார் காயில் கட்டப் போயிருக்கிறது, திங்கள் வரும். அதுவரை லாரித் தண்ணீர். ஃபிட்டர் ஐயா, லேத் அண்ணா, எல்லோருக்கும் நன்றி.

கிண்டி_லேத் | 1:50
நல்லது. திரும்பப் பூட்டும்போது நான்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டாக, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். ராட்செட்டைத் திறந்தீர்களா? உள்ளே கிரீஸா, இல்லை பல்லே தேய்ந்திருக்கிறதா? பெட்டியில் யார் செய்தது என்று போட்டிருக்கிறது? படம் போட்டால் அடுத்தவருக்கு உதவும்.

டல்லாஸ்_ரிட்டர்ன் | 3:15
அளந்தேன் ஃபிட்டர் சார். வெர்னியர் அளவுகோலில், 13 ரிங் ஸ்பானர் 13.10, மலிவு சாக்கெட் 13.25.

பழைய_ஃபிட்டர் | 3:22
நான் சொன்னதும் அதுதான்.

கிண்டி_லேத் | திங்கள், இரவு 9:40
சகோதரி, ராட்செட் என்ன ஆயிற்று?