கறுத்துப்போன வெள்ளிச் செம்பை வீட்டில் எப்படித் துலக்குவது?

முள்ளியவளை மருமகள்:
வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போகுமுன் மாமியின் வெள்ளிச் செம்பைத் துலக்க வேண்டும். பழைய பத்திரிகையில் சுற்றி, றப்பர் பட்டி போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தார். இப்போது வாய்ப்பக்கம் நாவற்பழ நிறம், பட்டி இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு கோடு. பழப்புளியும் சாம்பலும் போதும் என்கிறார் மாமி. இவரோ நகைக்கடையில் கொடு என்கிறார். மகளின் கொலுசும் முத்துத் தோடும் கூட இருக்கின்றன. என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:
பற்பசை போட்டுத் தேயுங்கள் அக்கா. பளிச்சென்று வரும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
பளிச்சென்று வரும்தான் தம்பி, வெள்ளியும் சேர்ந்து போகும். பற்பசையில் இருக்கும் பொடி பல்லுக்குச் சரி, வெள்ளி அதைவிட மென்மையானது. சாம்பலும் அப்படித்தான். செம்பின் கழுத்தில் பெயர் வெட்டியிருப்பார்களே, வருடாவருடம் சாம்பல் போட்ட வீடுகளில் அந்த எழுத்தை விரலால் தடவித்தான் வாசிக்க வேண்டும்.

பிள்ளை, முதலில் அந்த றப்பர் பட்டியை எறியுங்கள். றப்பரில் கந்தகம் இருக்கிறது, கோடு விழுந்தது அதனால்தான். வெள்ளி கறுப்பது ஊத்தை அல்ல. கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டாகிறது. அந்தக் கறுப்புக்குள்ளேயே மாமியின் வெள்ளி இருக்கிறது, அதை ஏன் தேய்த்து எறிய வேண்டும்? பழப்புளி பித்தளைக் குத்துவிளக்குக்குக் கெட்டிக்காரி, இந்தக் கறுப்பை அசைக்காது. மாமி வீட்டில் வேலை செய்தது சாம்பல், பெயர் வாங்கியது புளி.

சமையலுக்கு எடுக்காத பழைய அலுமினியப் பானை ஒன்று எடுங்கள். இல்லாவிட்டால் பீங்கான் சட்டியில் அலுமினியத் தாளை விரியுங்கள். செம்பை உள்ளே வைத்து, நன்றாகக் கொதித்த தண்ணீரை அது மூழ்க ஊற்றி, லீற்றருக்கு மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கும். செம்பு அலுமினியத்தில் முட்டியபடி இருக்க வேண்டும், முட்டாவிட்டால் ஒன்றும் நடக்காது. சிறு குமிழி வரும், கூழ்முட்டை மணம் வரும். யன்னலைத் திறந்துவிடுங்கள். கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ள, வெள்ளி செம்பிலேயே தங்கிவிடும். கோடு மிச்சமிருந்தால் புதுத் தண்ணீரில் திரும்பவும் செய்யுங்கள். கழுவியவுடன் பருத்தித் துணியால் துடையுங்கள். நமது கிணற்றுத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும்.

முத்துத் தோட்டை இதற்குள் போடவே வேண்டாம். முத்தும் கெடும், ஒட்டிய பசையும் கழன்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கொலுசின் பூவேலைக்குள் தட்டான் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றியிருந்தால் அதுவும் போய்விடும், பார்த்துப் போடுங்கள்.

மாங்குளத்தான்:
முலாம் பூசிய தட்டு என்றால், ரீச்சர்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
முலாம் முழுதாக இருந்தால் சிறிது நேரம் போட்டு எடுக்கலாம். அடியில் சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் வெள்ளி அங்கே இல்லை, எந்தச் சோடாவும் அதைத் திருப்பித் தராது.

முள்ளியவளை மருமகள்:
செய்தேன் ரீச்சர். கோடு மங்கலாக மட்டும் தெரிகிறது, நாளைக்கு இன்னொரு முறை போடுகிறேன். மணம் அடித்ததும் மாமி குசினிப் பக்கமே வரவில்லை. இனி எதில் சுற்றி வைப்பது? பானையில் திரும்பச் சோறு காய்ச்சலாமா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
காற்றுப் புகாத பைக்குள், பருத்தித் துணியில் சுற்றி, கூட ஒரு சோக்குக் கட்டி. அது ஈரத்தை இழுக்கும். பானை கறுத்திருக்கும், சோறு வேண்டாம். அடுத்த வைகாசிக்கு எடுத்து வையுங்கள்.