வோல்டேஜ் குறைந்தால் கீசர் இழுக்கும் கரண்ட் கூடுமா, குறையுமா?

கேள்வி (கோத்தகிரி வாசகர்):
வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைச் சரிவில் உள்ள எங்கள் வீட்டில் 15 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. அதன் மேல் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மார்கழியில் தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆவதால் வயர்மேனை வரவழைத்துப் பார்த்தோம். கீசர் அணைந்திருக்கையில் குளியலறை சாக்கெட்டில் 208 வோல்ட் இருந்தது; கீசர் ஓடுகையில் அது 190 ஆக இறங்கியது; கிளாம்ப் மீட்டர் 7.2 ஆம்பியர் காட்டியது. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும், யூனிட்டும் ஏறும், ஆகவே ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பள்ளியில் படித்தபடி 2000-ஐ 190-ஆல் வகுத்தால் எனக்கும் 10.5 ஆம்பியர் வருகிறது, மீட்டரோ 7.2 என்கிறது. எதை நம்புவது?

பதில் 1 (இயற்பியல் ஆசிரியை, உதகை):
மீட்டரையே நம்புங்கள். 2000 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே கீசர் எடுக்கும் திறன். அழுத்தம் எவ்வளவு இறங்கினாலும் ஏறக்குறைய மாறாமல் நிற்பது உள்ளே இருக்கும் நிக்ரோம் சுருளின் மின்தடைதான். அதை அச்சிட்ட எண்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26.45 ஓம். இனி 190-ஐ 26.45-ஆல் வகுங்கள், 7.18 ஆம்பியர் வரும். உங்கள் கிளாம்ப் மீட்டர் சொன்னதும் அதைத்தான். திறன் 190 × 7.18, அதாவது சுமார் 1365 வாட். அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகக் குறைய, திறன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது, ஏனென்றால் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது.

யூனிட் கூடும் என்ற பேச்சும் இங்கே பொருந்தாது. 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.58 யூனிட் வேண்டும். 2000 வாட்டில் அது 17 நிமிடம், 1365 வாட்டில் 25 நிமிடம். நேரம்தான் நீள்கிறது.

பதில் 2 (வயர்மேன், குன்னூர்):
அம்மா சொன்ன கணக்கு சரி. கடைக்காரர் சொன்னதும் மோட்டாருக்கு உண்மை: தண்ணீர் இறைக்கும் மோட்டார் தன் சுமையை எப்படியாவது இழுத்தாக வேண்டியிருப்பதால், வோல்டேஜ் இறங்கினால் கூடுதல் கரண்ட் எடுத்துச் சூடாகிறது. கீசருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. 208-க்கும் 190-க்கும் இடையே 18 வோல்ட் எங்கேயோ நின்றுபோகிறது, அதை 7.2-ஆல் வகுத்தால் 2.5 ஓம், இது வழியில் இருக்கும் வயரும் இணைப்புகளும் சேர்ந்த தடை. வீணாகும் திறன் 18 × 7.2, கிட்டத்தட்ட 130 வாட். 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நிலையத்து மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் சமவெளிக்கு இறக்கியதும் இந்த இழப்புக்கு அஞ்சித்தான்: அதே திறனுக்குக் கரண்டைப் பத்தில் ஒன்றாக்கினால் கம்பியில் போகும் சூடு நூறில் ஒன்றாகிறது. கீசர் ஓடும்போதே மீட்டர் பெட்டியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று உங்கள் வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக அங்கே கைவைக்க வேண்டாம். வயரின் நீளத்தையும் பருமனையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தாயிற்று, ஐயா. மீட்டர் பெட்டியில் 204 வோல்ட். அங்கிருந்து வெளிக் குளியலறை வரை 30 மீட்டர், 1 சதுர மி.மீ. செம்பு வயர். கூரைச் சட்டத்தடியில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருக்கிறது. டேப் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருக்கிறது.

பதில் 2 (தொடர்ச்சி):
அப்படியானால் 4 வோல்ட் கம்பத்துப் பக்கம், 14 வோல்ட் உங்கள் பக்கம். 14-ஐ 7.2-ஆல் வகுத்தால் 1.94 ஓம். 1 சதுர மி.மீ. செம்பு ஆயிரம் மீட்டருக்கு 18.1 ஓம் என்பதால், போகவர 60 மீட்டருக்கு 1.09 ஓம்தான் நியாயம். மீதி 0.85 ஓம் பெரும்பாலும் அந்த ஒட்டில்தான் இருக்க வேண்டும், ஒரு பங்கு சாக்கெட்டிலும் இருக்கலாம். 7.2-ஐ வர்க்கமாக்கி 0.85-ஆல் பெருக்குங்கள், 44 வாட். மரச்சட்டத்தின் மீது சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சூடாக வைத்துவிட்டுக் குளிக்கப் போவதற்குச் சமம். சரிசெய்யும்வரை அந்த கீசரைப் போடாதீர்கள்.

ஸ்டெபிலைசரைக் குளியலறையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கீசருக்கு முழு 2000 வாட் கொடுக்க அது வயரிலிருந்து 11 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஒட்டில் எழும் சூடு 100 வாட்டைத் தாண்டும். அதற்குப் பதில் ஒட்டில்லாமல் 4 சதுர மி.மீ. வயரை நேராக இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும் எர்த்தும் சரியாகப் போடச் சொல்லுங்கள். போகவர 0.28 ஓம்தான் இருக்கும். கீசரில் 201 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 1530 வாட் வரை கிடைக்கும். கீசர் அணைந்திருக்கும்போதே 208 தான் வருகிறது என்பதற்குத் தனியே ஒரு மனு எழுதிக் கொடுங்கள். 230-இல் 6 விழுக்காடு குறைந்தாலும் 216 வர வேண்டும்.