ரைட் ஆங்கிள் ஹெட்டில் துளை இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. கோவையில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை, பிடி40 விஎம்சி (கணினிக் கட்டளையில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்று ஓட்டுகிறோம். வார்ப்பிரும்பு பம்ப் ஹவுசிங்கில் 180 மி.மீ. போருக்குள்ளே (பெரிய உள்துளை), பக்கச் சுவரில் எம்10 டேப்புக்கு (மரை வெட்ட) 8.5 மி.மீ. துளை வேண்டும். நேர் டிரில் எட்டாத இடம் என்பதால் ரைட் ஆங்கிள் ஹெட் (டிரில்லை 90 டிகிரி பக்கவாட்டில் திருப்பும் இணைப்பு) மாட்டினோம்.

ஹெட் சுற்றிவிடாமல் பிடிக்கும் ஸ்டாப் பிளாக்கில் அதன் பின் ஆட்டமில்லாமல் உட்காருகிறது. ஹெட்டுக்குள் கியர் சுழற்சியைத் திருப்புவதால் எம்04 (ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கம் சுற்றவைக்கும் கட்டளை) கொடுக்கிறேன். ஜி18 (எக்ஸ்-இசட் தளம்) போட்டு ஒய் அச்சில் ஜி83 (விட்டுவிட்டுத் துளைக்கும் கட்டளை). வேகம் 1500 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 150 மி.மீ. கொலெட்டில் (டிரில்லைப் பிடிக்கும் கவ்வி) டெஸ்ட் பார் போட்டு டயல் ஓட்டினேன், 60 மி.மீ. நீளத்துக்கு 0.01 மி.மீ. விலகல்தான்.

முதல் இரண்டு பீஸ் கச்சிதம். அப்புறம் துளையின் வாய் அகன்று, 0.15 மி.மீ. வரை கீழே இறங்கிவிடுகிறது. விரலால் தடவினால் ஒரு பக்கம் உதடு தட்டுகிறது. அந்நேரம் ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு. சூடுதான் காரணம் என்று என் மனசு சொல்கிறது.

முதலில் ஸ்பாட் டிரில்லால் மையக் குழி போட்டு, குட்டைக் கார்பைடு டிரில்லுக்கு மாறினால் நிற்குமா? இல்லை, பேரிங் பார்க்க வேண்டுமா? நாலு ஹவுசிங் வீணாகிவிட்டது, வார்ப்பு கஸ்டமருடையது. இந்த வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.