'ரிக்ரெட்'டுக்குப் பிறகு 'டு' வருமா, 'இங்' வருமா?

மார்த்தாண்டம் தேன்:
வெளியூர்க் கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் போகணும். ரப்பர் மரம் துளிர்க்கிற தேன் சீசன்ல மழை பெய்து தேன் வரத்து குறைஞ்சுபோச்சு, சரக்கு பிந்தும். 'தெரிவிக்க வருந்துகிறோம்' என்ற அர்த்தத்தில் 'வீ ரிக்ரெட் ஃபார் இன்ஃபார்மிங் யூ' என்று ஆரம்பிச்சிருக்கேன். சரியா? இதையே மன்னிப்பு கேட்டதாகவும் எடுத்துக்குவாங்களா?

தக்கலை இலக்கணம்:
ரெண்டு இடத்தில் இடறுது. ரிக்ரெட் வினையாக வந்தால் 'ஃபார்' வேண்டாம். 'வீ ரிக்ரெட் த டிலே', அவ்வளவுதான்.

இனி சொல்லப்போகிற கெட்ட செய்திக்கு 'டு': 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட்...'. செய்து முடித்த காரியத்துக்கு 'இங்': 'ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்', அதாவது நிலத்தை வித்திருக்கக் கூடாது. 'வீ ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்று போட்டால் 'உங்ககிட்ட சொன்னதே தப்பாப் போச்சு' என்று ஆகிவிடும். வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

இந்த 'டு' பெரும்பாலும் சே, டெல், இன்ஃபார்ம், அனவுன்ஸ் மாதிரி சொல்லும் வினைகளோடுதான் சேரும். நிலம் போன வருஷம் போயிருந்தாலும் வருத்தம் இன்றைக்கும் இருந்தால் 'ஐ ரிக்ரெட்' என்று நிகழ்காலத்திலேயே எழுதணும். நம்மாட்கள் பழைய சங்கதி என்றதுமே 'ரிக்ரெட்டட்' போட்டுவிடுகிறார்கள்.

வடசேரி:
மன்னிப்பு பற்றி யாரும் சொல்லலையே. ரிக்ரெட் வருத்தம் தெரிவிக்கும், பொறுப்பு ஏற்காது. ரயில் பிந்தினால் ஸ்டேஷன் மைக்கில் 'டீப்லி ரிக்ரெட்டட்' என்பார்களே, அதில் வருந்துகிறது யார் என்றே இருக்காது! தப்பு நம்ம பக்கம் என்றால் அப்பாலஜைஸ்தான். அதுக்கு 'ஃபார்' உண்டு, ஆளைச் சொன்னால் 'டு'வும் உண்டு: 'வீ அப்பாலஜைஸ் டு யூ ஃபார் த டிலே'. மழைக்கு ரிக்ரெட் போதும். முன்கூட்டியே தெரிவிக்காமல் விட்டிருந்தால் அதுக்கு அப்பாலஜைஸ் போடுங்க சாரே.

குழித்துறை:
எழுத்துப்பிழை பாருங்க. ரிக்ரெட்டில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் 'எட்', 'இங்' சேரும்போது டீ எழுத்து இரட்டிக்கும். அப்புறம், ரிக்ரெட்ஃபுல் வருந்துகிற ஆளுக்கு, ரிக்ரெட்டபிள் நடந்த சம்பவத்துக்கு. 'ஐ ஆம் ரிக்ரெட்டபிள்' என்று கையெழுத்துக்கு மேலே போட்டுடாதீங்க, நீங்களே ஒரு வருந்தத்தக்க சம்பவம் ஆயிருவீங்க.

மார்த்தாண்டம் தேன்:
அப்போ 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் த ஷிப்மெண்ட் வில் பி டிலேய்டு'. போதுமா?

தக்கலை இலக்கணம்:
இலக்கணம் சரி. அடுத்த வரியில் சரக்கு கிளம்பும் தேதியைப் போடுங்க, அவங்களுக்கு அதுதான் வேணும்.