ஓய்வுக்குப் பின் அர்ஜன் சிங்: விரிவாக எழுத ஏதேனும் உண்டா?

துவாரகாவாசி (கேள்வி):
எங்கள் குடியிருப்பின் தமிழர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங்கைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். இரண்டாம் உலகப்போரின்போது 1944இல் இம்பால் முனையில் ஹரிக்கேன் போர்விமானங்கள் கொண்ட முதலாம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவுக்கு) அவர் தலைமை தாங்கியது, மவுண்ட்பேட்டன் கையால் வான்போர் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான டி.எஃப்.சி. பதக்கம் பெற்றது, 1965 பாகிஸ்தான் போரில் விமானப்படைத் தளபதியாக இருந்தது ஆகியவற்றுக்குச் செய்திகள் நிறையக் கிடைக்கின்றன. 1969க்குப் பிறகு கிடைப்பதோ வெறும் பதவிப் பட்டியல்தான். அந்தக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாமா?

மயூர் விஹார் வாசகி:
முடித்துவிடாதீர்கள். 1919இல் லயால்பூரில் பிறந்த அவர், 45 வயதில் தலைமைத் தளபதியாகி, 50 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். 2017 செப்டம்பரில் தம் 98ஆம் வயதில் டெல்லியில் காலமாகும்வரை 48 ஆண்டுகள் அதன் பின்னும் வாழ்ந்திருக்கிறார். அதாவது, 1939 முதல் அவர் சீருடையில் இருந்த காலத்தைவிட ஓய்வுக்காலம் நீண்டது. சுவிட்சர்லாந்தில் தூதர், கென்யாவில் ஹைகமிஷனர் என்பவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம். 1989 இறுதியில் டெல்லியின் துணைநிலை ஆளுநராக வந்ததை மட்டும் நம் ஊர் மலர் என்பதால் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக்கு மேல் பறந்த விமான அணிவகுப்புக்குத் தலைமை தாங்கியவர், நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நகரின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார்.

ஓய்வுபெற்ற தரைப்பணியாளர்:
அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2002 ஜனவரியில் அவருக்கு மார்ஷல் பதவி வழங்கப்பட்டது. தரைப்படையில் கரியப்பா, மானெக்‌ஷா இருவருக்கு ஐந்து நட்சத்திரத் தகுதி, அதாவது படையின் மிக உயர்ந்த நிலை, கிடைத்திருக்கிறது. விமானப்படையில் இவர் ஒருவருக்கே. அந்தத் தகுதி பெற்றவர் சாகும்வரை பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். ஆனால் என்னைப் போல விமானங்களைப் பழுது பார்த்தே காலம் கழித்தவர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. டெல்லிக்கு அருகே தமக்கிருந்த பண்ணையை விற்று, இரண்டு கோடி ரூபாயில் ஓர் அறக்கட்டளை நிறுவி, ஓய்வுபெற்ற விமானப்படையினரில் நொடித்துப்போன குடும்பங்களுக்கு உதவ வழி செய்தார். தளபதிகள் வீரர்நலம் குறித்து மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன்; நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் அரிது. உங்கள் இரண்டு பக்கங்களில் அரைப்பக்கத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

பழைய ராணுவ ஆர்வலர்:
பிற்காலத்தை எழுதுங்கள், அதற்காக 1965ஐ வெறும் வெற்றிக்கதையாக்கிவிட வேண்டாம். செப்டம்பர் 1 அன்று, விமானங்கள் எவ்வளவு நேரத்தில் கிளம்பும் என்று கேட்கப்பட்டபோது அவர் ஒரு மணி நேரம் என்றதும், அதற்குள் கிளம்பியதும் எல்லோரும் எழுதுவதுதான். அன்று மாலை ஜம்மு காஷ்மீரின் சம்ப் பகுதிக்குச் சென்ற வாம்பயர் விமானங்களில் நான்கு திரும்பவில்லை என்பதையும், ஏற்கெனவே காலாவதியான அந்த விமானங்கள் அதன் பிறகு முன்னணிச் சண்டையிலிருந்து விலக்கப்பட்டன என்பதையும், செப்டம்பர் 6இல் பதான்கோட் தளத்தில் தரையில் நின்ற விமானங்கள் அழிக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இழப்புகளைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. மறைத்தால், விவரம் தெரிந்த வாசகர் மற்றப் பகுதிகளையும் நம்பமாட்டார்.

துவாரகாவாசி:
மூவருக்கும் நன்றி. அறக்கட்டளையை நடுவில் வைத்து எழுதலாம் என்று நினைக்கிறேன். 2015 ஜூலையில் அப்துல் கலாமின் உடல் பாலம் விமானதளத்துக்கு வந்தபோது, 96 வயதில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அவர் சல்யூட் வைத்த செய்தியையும் சேர்க்கலாமா? நம்மவர்களுக்கு அது நெருக்கமாக இருக்கும்.

மயூர் விஹார் வாசகி:
சேர்க்கலாம், இரண்டு வரி போதும். அந்தப் படத்தைப் போடுவதானால் இணையத்தில் கண்டதை எடுத்து அச்சிடாமல், எடுத்த நிறுவனத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். அவருடைய 97ஆம் பிறந்தநாளில், 2016 ஏப்ரலில், மேற்கு வங்கத்தின் பானாகர் விமானதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. உயிரோடிருந்த ஒருவரின் பெயரில் விமானப்படைத் தளம் அமைவது இங்கே வழக்கமில்லை என்பதால் அதற்கும் ஒரு வரி வேண்டும்.