சப்வூஃபர் வயரிங்: மல்டிமீட்டரோடு காரில் இறங்கியவர்களின் அனுபவங்கள்

சென்னை உறுப்பினர்:

காரில் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பொருத்திய பின்பும் அடி போதவில்லை என்று வருந்தும் நண்பர்களின் வண்டிகளை விடுமுறை நாட்களில் பார்த்துக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ குறை இருப்பதில்லை. மின்சாரம் போய்ச் சேரும் வழியிலும், அதைவிட அதிகமாக அது திரும்பி வரும் வழியிலும்தான் குறை இருக்கிறது. அண்மையில் பார்த்த ஒரு ஸ்விஃப்ட் வண்டி இதற்குத் தக்க சான்று என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்த வண்டியின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றையும், 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) திறனுள்ள மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் பொருத்தியிருந்தார்கள். இரவில் ஏசியும் ஹெட்லைட்டும் இயங்க, சிக்னலில் வண்டி நிற்கும் நேரத்தில், பறையொலி நிறைந்த பாடல் ஏதேனும் வந்தால் ஆம்ப்ளிஃபையர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஸ்பீக்கர் தாங்கவில்லை, இன்னும் பெரியதாக வாங்குங்கள் என்பது கடைக்காரர் சொன்ன வழி. வியாபாரம் என்று பார்த்தால் அது நல்ல வழிதான்.

பாட்டை வைத்து அளந்தால் முள் நிலைகொள்ளாது என்பதால் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.9 வோல்ட் இருந்தபோது ஆம்ப்ளிஃபையர் முனைகளில் 10.6 வோல்ட்தான் இருந்தது. இடையில் காணாமற்போன 2.3 வோல்ட் எங்கே தங்கியது என்று தெரிய வேண்டுமானால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றொன்றை ஆம்ப்ளிஃபையரின் பாசிட்டிவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு நெகட்டிவ்களுக்கும் இடையே அதே போலப் பார்க்க வேண்டும். மீட்டரின் வயர் பானெட்டிலிருந்து டிக்கி வரை எட்டாது என்று தயங்க வேண்டியதில்லை, எந்த மெல்லிய வயரையும் நீட்டிக்கொள்ளலாம், ஏனெனில் மீட்டர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. பாசிட்டிவ் பக்கம் 0.8 வோல்ட், எர்த் பக்கம், அதாவது காரின் பாடி வழியாக மின்சாரம் திரும்பும் நெகட்டிவ் பக்கம், 1.5 வோல்ட் என்று கணக்கு வந்தது.

எர்த் வயரை அவர்கள் பெயின்ட் சுரண்டாத ஓர் இடத்தில், சிறிய ஸ்குரூ ஒன்றால் முடுக்கியிருந்தார்கள். 500 வாட் வெளியீட்டுக்கு, 80 விழுக்காடு செயல்திறன் என்று வைத்துக்கொண்டாலும், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் தேவைப்படும். அந்த மின்னோட்டத்தில் 1.5 வோல்ட்டை விழுங்குவதற்கு வெறும் 0.033 ஓம் தடை போதும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் இது தெரியவே தெரியாது, அதன் வயர்களுக்கே இதைவிட அதிகத் தடை உண்டு. எர்த் சரியாக இருக்கிறதா என்று ஓம் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்களிடம் நான் வாதாடுவதெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்: சுமை ஏற்றிய நிலையில் வோல்ட் அளந்தால் ஒழிய உண்மை வெளிவராது. பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற தகட்டில் வளைய லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து, பற்களுள்ள வாஷரோடு போல்ட்டும் நட்டும் முடுக்கி, துரு ஏறாதிருக்க அதன் மேல் பெயின்ட் பூசிய பின் எர்த் பக்க இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கீழே போயிற்று.

பாசிட்டிவ் பக்கத்துக்கு வருகிறேன். பெட்டியில் 4 கேஜ் என்று அச்சிட்டிருந்த கேபிளின் உறை மட்டும்தான் 4 கேஜ் தடிமனில் இருந்தது. உண்மையான 4 கேஜ் கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 21 சதுர மில்லிமீட்டர்; இதற்குள் இருந்தது 8 கேஜ் அளவே (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்), அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 61 விழுக்காடுதான். ஓர் இழையை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். அசல் செம்புக் கேபிள் போட்டால் 5 மீட்டர் தூரத்துக்கு 45 ஆம்பியரில் 0.2 வோல்ட் கூட இழப்பு வராது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது ஃபியூஸ். அதை ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வைத்திருந்தார்கள், கேபிளோ இன்ஜின் அறையின் இரும்புத் தடுப்பில் ரப்பர் வளையம் இல்லாத துளை வழியாக உரசிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக வைப்பதன்று, கேபிளைக் காப்பதற்காக வைப்பது. ஆகவே பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்பாகவே உறை தேய்ந்து கம்பி பாடியைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கும் பேட்டரியைத் தடுத்து நிறுத்த நடுவில் ஒன்றுமே இல்லை.

மதுரை உறுப்பினர்:

ஐயா எழுதியிருப்பதைப் படித்ததும், என் மைத்துனர் வண்டியில் கண்ட வேறொரு சிக்கலைச் சொல்லத் தோன்றுகிறது. அவர் இரட்டை வாய்ஸ்காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உள்ள சப்வூஃபர்கள் இரண்டை வாங்கியிருந்தார், ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ஆம்ப்ளிஃபையரின் குறைந்தபட்சச் சுமை 2 ஓம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தும், பொருத்தியவர் நான்கு காயில்களையும் பேரலலாக இணைத்து 1 ஓம் ஆக்கிவிட்டார். ஓம் குறைந்தால் வாட் கூடுதலாக வரும் என்பது அவருடைய எண்ணம், வந்தது சூடு. இந்த இரண்டு சப்வூஃபர்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், எல்லாக் காயில்களையும் சீராகப் பயன்படுத்தும் இணைப்பில் 1 ஓம், 4 ஓம், 16 ஓம் என்று மூன்றுதான் கிடைக்குமே தவிர 2 ஓம் கிடைக்காது. காயில் ஒவ்வொன்றும் 2 ஓம் உள்ள சப்வூஃபர்களை வாங்கியிருந்தால், ஒவ்வொன்றிலும் இரு காயில்களை சீரிஸில் இணைத்து, பிறகு இரண்டையும் பேரலலாக்கிச் சரியாக 2 ஓம் கொண்டுவந்திருக்கலாம். கடைசியில் 4 ஓமில் இணைத்தோம். வாட் குறைந்தது, ஆனால் ஆம்ப்ளிஃபையர் பிழைத்தது.

அதன் பின்பும் இரண்டு சப்வூஃபர் சேர்ந்து ஒன்று தரும் ஒலியைக்கூடத் தரவில்லை. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் பாசிட்டிவை ஸ்பீக்கரின் பாசிட்டிவில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தபோது ஒன்றின் கோன் வெளியே வந்தது, மற்றதன் கோன் உள்ளே போயிற்று. ஒரு பெட்டியின் உள் வயரிங் தலைகீழாக இருந்திருக்கிறது! ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வயரை மாற்றியதும் வண்டியே குலுங்கியது. இப்போது எஞ்சியிருப்பது ஒரு கீச்சொலி மட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறுகிறது. கதவு ஸ்பீக்கர்களில்தான் கேட்கிறது. அவற்றுக்கு ஒரு 4 சேனல் ஆம்ப்ளிஃபையர் தனியாக உண்டு. வழி இருந்தால் சொல்லுங்கள்.

கோவை உறுப்பினர்:

என்னுடையது சிஎன்ஜி வண்டி; டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் பெட்டி வைக்க இடமே இல்லை. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த, இருக்கைக்கு அடியில் வைக்கும் மெல்லிய சப்வூஃபரைப் போட்டேன். அதிர்வு மிதமானதுதான், 12 அங்குலத்தோடு அதை ஒப்பிடவே கூடாது, இருந்தாலும் என் காதுக்குப் போதும். இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பான் ஏர்பேக்கைச் சேர்ந்தது; அதைக் கழற்றிய நிலையில் இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க நேரிடும் என்று முன்பே சொல்லிவிட்டதால் பொருத்தியவர் அதைத் தொடவில்லை. ஆனால் எர்த்துக்காகப் பின் இருக்கைக்குக் கீழே தரையில் துளையிடப் போனார். பெட்ரோல் டேங்க் அதற்கு நேர் கீழே இருக்கிறது என்று சொல்லித் தடுத்தேன். ஒரு கேள்வி: கெயின் குமிழை எவ்வளவு திருப்புவது?

சென்னை உறுப்பினர்:

மதுரை நண்பரே, அந்தக் கீச்சொலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. சப்வூஃபரின் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடுவதால் அதில் கேட்காது, கதவு ஸ்பீக்கரில்தான் கேட்கும். 4 சேனல் ஆம்ப்ளிஃபையரில் ஆர்.சி.ஏ. வயர்களை (ஸ்டீரியோவிலிருந்து சிக்னலைக் கொண்டுவருபவை) கழற்றிவிட்டு, காரோடு எந்த வகையிலும் இணையாத ஒரு கைப்பேசியிலிருந்து நேராகப் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். கீச்சொலி மறைந்துவிட்டால், ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்து, அதனால் ஆர்.சி.ஏ. உறை வழியே மின்னோட்டம் ஓடுகிறது என்று கொள்ளலாம். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் ஒரே எர்த் புள்ளிக்குக் கொண்டுவந்து, அந்தப் புள்ளியை நான் மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். கரன்ட் கேபிள் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. மறுபக்கமும் போகட்டும். நாய்ஸ் ஃபில்டரை நான் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன், அது நோயை மறைக்குமே ஒழியத் தீர்க்காது.

கோவை நண்பருக்கு: கெயின் ஒலியைக் கூட்டும் குமிழ் அன்று, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் குமிழ். தனி ஆம்ப்ளிஃபையர் என்றால் வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்குக்கு வைத்து, ஈக்வலைஸரையும் பாஸ் பூஸ்ட்டையும் முழுவதும் அணைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வெளியீட்டு முனைகளில் ஏசி வோல்ட் அந்த எண்ணைத் தொடும் வரை கெயினைத் திருப்ப வேண்டும். உங்களுடையதில் ஸ்பீக்கர் முனை வெளியே தெரியாது என்பதால் இந்த முறை ஒத்துவராது. தெரிந்த பாட்டு ஒன்றை அதே முக்கால் பங்கில் வைத்து, ஒலி கரகரக்கும் இடம் வரை கெயினைக் கூட்டி, அங்கிருந்து நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.