மறு: பெட்டர்னிட்டி அக்னாலெட்ஜ்மென்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

திருமணமாகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்குத் தந்தை யார் என்பதைச் சட்டப்படி ஏற்று அமெரிக்காவில் கையெழுத்திடும் தாள்தான் பெட்டர்னிட்டி அக்னாலெட்ஜ்மென்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஐயா ஒருவர் "தந்தைமை ஒப்புதல் வாக்குமூலம்" என்று முன்மொழிந்திருந்தார். அகராதியை வைத்துப் பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒரு பிரசவ அறையில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் டெக்சாஸில் மருத்துவமனைகளுக்கும் குடும்ப நீதிமன்றங்களுக்கும் பேச்சு மொழிபெயர்ப்பு செய்கிறேன். குழந்தை பிறந்து இரண்டாம் நாள். தாயும் தந்தையும் திருமணம் செய்துகொள்ளாதவர்கள். தந்தை ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்ப்பவர், இருபத்தைந்து வயது இருக்கும். குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையில் பேனாவோடு நின்றார். பிறப்புப் பதிவு செய்யும் பெண் ஊழியர் தாளை நீட்டியதும் நான், "இது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம்" என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "வாக்குமூலமா? நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

தவறு என்னுடையது. தமிழில் ஒப்புதல் வாக்குமூலம் என்றால் போலீஸ் நிலையம்தான் கண்முன் வரும். தினத்தாளில் அந்தச் சொல்லைக் கொலைச் செய்தியில்தான் படிக்கிறோம். என் சொல்லைத் திருத்திக்கொள்வதாக இருவரிடமும் சொல்லிவிட்டு, "இந்தக் குழந்தைக்கு அப்பா நான்தான் என்று சட்டப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்" என்றேன். "ஏத்துக்காம? என் பொண்ணுங்க" என்று சொல்லி மறுபடி பேனாவை எடுத்தார். நான் தேடிய வினை அவர் வாயிலேயே இருந்தது. ஒப்புக்கொள்வது குற்றத்தை, ஏற்றுக்கொள்வது பொறுப்பை. வழக்குத் தமிழில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது, நாம் ஏன் அதைக் குழப்ப வேண்டும்?

சரி, "தந்தைமை ஏற்புப் படிவம்" என்று வைத்துவிடலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல். படிவம் என்றால் ரேஷன் கார்டுக்கு நிரப்புவது போல, பிழையானால் கிழித்துப் போட்டு வேறொன்று எழுதலாம் என்ற எண்ணம் வரும். இந்தத் தாளுக்கு இருக்கும் வலிமை அப்படிப்பட்டதல்ல. 1993இல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், மருத்துவமனையிலேயே இப்படிக் கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு மாநிலமும் செய்ய வேண்டும் என்றது. 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கையெழுத்திட்டவர் 60 நாளுக்குள் அதைத் திரும்பப் பெறலாம். அதற்கு முன்பே அந்தக் குழந்தை தொடர்பான வழக்கில் அவர் கலந்துகொண்டுவிட்டால் அந்த வாய்ப்பும் அன்றோடு முடிந்தது. அதன் பிறகு அந்தத் தாள் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மோசடி, மிரட்டல், முக்கிய உண்மையில் நேர்ந்த தவறு, இந்த மூன்றில் ஒன்றை மெய்ப்பித்தால்தான் அதை அசைக்க முடியும், மெய்ப்பிக்கும் பொறுப்பும் எதிர்ப்பவருடையதுதான். குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில் இருந்தாலும், இந்த விதிகளைத் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொண்டால்தான் பிள்ளைச் செலவுக்கான தொகையை வசூலிக்கும் பணிக்கான கூட்டரசுப் பணம் வரும் என்பதால் எல்லா மாநிலங்களிலும் இது ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கிறது.

அதே 1996 சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. கையெழுத்துக்கு முன்னால் தாய்க்கும் தந்தைக்கும் அதன் விளைவுகளை எழுத்தில் மட்டுமில்லாமல் காதில் விழும்படியும் விளக்க வேண்டும். காதில் விழுவது நாம் இங்கே உருவாக்கும் சொல்தான். அதனால்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

என் முன்மொழிவு: தந்தைமை ஏற்புறுதி. ஏற்பு இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. கையெழுத்திடுபவருக்கு மிரட்சி வராது, ஆனால் நின்று யோசிக்க வைக்கும். டெக்சாஸில் பொய்ச் சான்றுக்கான தண்டனைக்கு உட்பட்டே இதில் கையெழுத்திட வேண்டும் என்பதால் "உறுதி" வெறும் அலங்காரமும் இல்லை. தாய் வேறொருவரை மணந்திருந்தால் அந்தக் கணவரும் தந்தைமையை மறுத்துக் கையெழுத்திட வேண்டும். அதைத் "தந்தைமை மறுப்புறுதி" என்று இணையாகச் சொல்லிவிடலாம்.

"தந்தைமை" என்ற முதல் பாதி பற்றியும் கேள்வி வந்தது. தாய்மை என்றால் நமக்கு ஓர் உணர்வு, கருவுற்றிருக்கும் நிலை. அதே வார்ப்பில் தந்தைமை என்றால் பாசம் போலத் தொனிக்காதா என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் "தந்தைவழி" என்று எழுதினால் பாட்டியும் பூர்வீகச் சொத்தும் உள்ளே வந்துவிடும். "தந்தையுரிமை" என்றால் கடமை வெளியே போய்விடும். தந்தைமை குறைந்த தீமைதான். கூடவே வரும் வினை அதைச் சட்டத்தின் பக்கம் இழுத்துவிடும் என்று நம்புகிறேன். அந்த வினை "நிறுவுதல்" ஆக இருக்கட்டும். "நிர்ணயம்" என்றால் விலை நிர்ணயம், இல்லையென்றால் கருவில் பாலினம் பார்ப்பது நினைவுக்கு வருகிறது. "கண்டறிதல்" என்றால் எல்லாமே பரிசோதனைக் கூடத்தில் முடிவதாக ஆகிவிடும். டெக்சாஸ் சட்டத்தில் மரபணுச் சோதனைக்குத் தெளிவான அளவு இருக்கிறது: அவரே தந்தை என்பதற்குக் குறைந்தது 99 விழுக்காடு வாய்ப்பாவது வேண்டும். ஆனால் திருமணத்தாலும், கையெழுத்தாலும், தீர்ப்பாலும் கூட ஒருவர் தந்தை ஆகிறார். சோதனை ஒரு வழி மட்டுமே.

அப்புறம் சைல்டு சப்போர்ட், அதாவது பிள்ளையின் செலவுக்குப் பிரிந்து வாழும் பெற்றோர் கொடுக்க வேண்டிய தொகை. இதில் தமிழ்நாட்டு நண்பர்கள் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். "குழந்தைப் பராமரிப்புத் தொகை" என்று நான் சொன்னபோதெல்லாம் டேகேர் கட்டணம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். "ஜீவனாம்சம்" என்றால் மனைவிக்குக் கொடுப்பது என்று பொருள் போய்விடுகிறது. இந்தியாவில் மனைவி, பிள்ளை, பெற்றோர் மூவரின் கோரிக்கையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்ற ஒரே கூரையின் கீழ் இருந்ததால் (இப்போது புதிய சட்டத்தில் 144) நமக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அமெரிக்க மாநிலங்களில் மனைவிக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு கணக்கு. ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவருக்கு நான் ஜீவனாம்சம் என்று மொழிபெயர்த்தேன். முகம் சிவந்து, "அவரின்ர காசு எனக்கு வேண்டாம், பிள்ளைக்குத்தான் கேக்கிறன்" என்றார். பிறகு அவரே, "எங்கட ஊரில தாபரிப்பு எண்டு சொல்லுவினம்" என்று சொல்லிக் கொடுத்தார். இலங்கை நீதிமன்றங்களில் தாபரிப்பு வழக்கு என்பது அன்றாடப் பேச்சு. நல்ல சொல் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் புழக்கத்தில் இருக்கும்போது நாம் புதிதாக ஏன் செதுக்க வேண்டும்? பிள்ளைத் தாபரிப்பு என்று வைப்போம். குழந்தையைவிடப் பிள்ளை பொருத்தம், ஏனென்றால் டெக்சாஸில் இது பதினெட்டு வயது வரையும், உயர்நிலைப் பள்ளி முடியவில்லை என்றால் அதற்குப் பிறகும் நீளும்.

மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. முதலாளியே சம்பளத்தில் கழித்து அனுப்புவது "சம்பளப் பிடித்தம்", சேர்ந்துபோனது "நிலுவை". டெக்சாஸில் பொதுவான கணக்குப்படி நிகர வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 20 விழுக்காடு, இரண்டுக்கு 25. விஸ்கான்சினில் ஒரு பிள்ளைக்கு மொத்த வருமானத்தில் 17. இவற்றையெல்லாம் விளக்க நம் மளிகைக்கடைத் தமிழே போதும். ஒன்று மட்டும்: நிலுவை என்று எழுதும் இடத்தில் "தள்ளுபடி" என்ற எதிர்பார்ப்பு எங்கும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டின் கூட்டரசுத் திருத்தத்துக்குப் பிறகு, தவணை நாள் கடந்த தொகையை நீதிபதியால்கூடப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. வேலை போனவர் மனு போட்ட பிறகு வரும் மாதங்களுக்குத்தான் மாற்றம் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கடன் தள்ளுபடி அறிவிப்புகளோடு வளர்ந்த ஒருவர் இதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எனக்கு இன்னும் பிடிபடாத இடம். சட்டம் தந்தையரை நான்கு விதமாகப் பேசுகிறது. தீர்ப்பால் ஆனவர் "தீர்ப்புவழித் தந்தை", அதில் குழப்பமில்லை. கையெழுத்தால் ஆனவரை "ஏற்புத் தந்தை" என்றால் தத்தெடுத்தவர் போல ஒலிக்கிறது. அதனால் "ஏற்புறுதித் தந்தை". இன்னார்தான் என்று மனுவில் குறிப்பிடப்பட்டு இன்னும் முடிவாகாதவருக்கு "சாட்டப்பட்ட" என்ற சொல் வேண்டவே வேண்டாம், மறுபடி போலீஸ் நிலையம் வந்துவிடும். "தந்தை எனக் கூறப்படுபவர்" நீளம்தான், ஆனால் யாரையும் புண்படுத்தாது.

நான்காமவர்தான் சிக்கல். தாயை மணந்தவர், மணம் முறிந்து 301ஆம் நாளுக்கு முன் பிறந்த குழந்தைக்கு முன்னாள் கணவர், பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டு ஒரே வீட்டில் இருந்து "என் பிள்ளை" என்று ஊருக்குச் சொன்னவர், எல்லாரையும் தீர்ப்போ முறையான மறுப்புறுதியோ வரும்வரை சட்டம் தந்தையாகவே எடுத்துக்கொள்கிறது. "ஊகத் தந்தை" என்று பழைய சட்டத் தமிழ் வழியில் எழுதலாம். ஆனால் பத்து வருடம் பள்ளிக்கு அழைத்துப்போன மனிதரைப் பார்த்து ஊகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "மணவழித் தந்தை" மணம் செய்யாமலே ஒரே வீட்டில் இருந்து வளர்த்தவருக்குப் பொருந்தாது. "கருதுநிலைத் தந்தை" என்று எழுதிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு விசாரணையில் இந்தச் சொல் எனக்குத் தேவைப்படும். யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.